ஏழு படி மரியாதை

சாரல்கோட்டை சமஸ்தானத்துக்குச் சொந்தமான கிராமங்கள் பதினொன்றரை. அந்த அரைக் கிராமத்தின் மறுபாதி யாருக்கு என்று திருநெல்வேலிக் கோர்ட்டில் இருபத்தாறு வருஷமாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் யானை இருந்தது. யானை செத்த பிறகும் அதன் சங்கிலியை மாதம் ஒருமுறை புளி போட்டு விளக்கி வந்தார்கள். பதினொன்றரைக் கிராமத்திலும் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தவறாமல் விளைய வேண்டிய பயிர் ஒன்று உண்டு என்றால் அது மரியாதை. அதை அறுவடை செய்வதற்கென்றே தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரஸ்தாவில் ஒரு சீசன் பங்களாவும், பங்களாவில் கணக்கு வழக்குப் பார்க்கிற ஒரு கச்சேரியும், கச்சேரியில் மானேஜர் ஆவுடைநாயகம் பிள்ளையும் இருந்தார்கள்.

பங்களாவுக்குப் பின்னால் ஒரு நெசவாளர் தெரு. மொத்தம் பதினான்கு வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம், முதல் சாரல் விழுந்த அன்று, அந்தத் தெருவுக்கு மசூது திரும்பி வந்தான். மலாய் நாட்டு ஈப்போவில் ஒரு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போனவன் அவன். சண்டை வந்தது, கடை போனது, ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோய்ச் சயாம் காட்டில் ரயில் பாதை போடவைத்தான். எட்டு வருஷம் கழித்து, விலா எலும்பை எண்ணிப் பார்க்கிற மாதிரி வந்து வாசலில் நின்றான். அவன் பெண்சாதி சைதூன் பீவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கொஞ்சம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் இருந்த காலிக் குடத்தைக் காட்டினாள்.

"குளிக்கக்கூடத் தண்ணி இல்ல. கெணத்த அடச்சிட்டாங்க."

போன சீசனுக்கு வந்த விருந்தாளிகளின் மோட்டார் கார்கள் நிற்க நிழல் வேண்டுமென்று, பங்களாவின் பின்புறத்தை வளைத்து முள்வேலி போட்டிருந்தார் மானேஜர். பதினான்கு வீடும் தண்ணீர் எடுக்கிற கிணறு வேலிக்குள் போய்விட்டது. கார்கள் மொத்தம் மூன்று. அவையும் வருஷத்தில் இருபது நாள்தான் நின்றன. பெண்கள் ஒரு மைல் நடந்து சிற்றாற்றுக்குப் போய்த் தண்ணீர் சுமந்தார்கள். அடுத்த வீட்டு ஆசியா கரையில் வழுக்கி விழுந்து கை முறிந்து, தூளி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு மனு எழுதிக் குடுங்க. ஒங்களுக்குத்தான் நாலு பாஷ தெரியும்லா" என்றாள் சைதூன்.

மசூது எழுதினான். நல்ல வெள்ளைத் தாளில், 'பாதையைத் திறந்து விடுங்கள்' என்று.

ஆவுடைநாயகம் பிள்ளை எந்தக் காகிதத்தையும் முதலில் தூக்கிப் பார்ப்பார். மரியாதை எவ்வளவு கனம் என்று கைக்கே தெரிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. மசூதின் மனுவைத் தூக்கினார். முகம் சுருங்கியது.

"என்னலே இது? 'திறந்து விடுங்கள்'னு எழுதியிருக்க? சமூகத்துக்கு நீ உத்தரவு போடுதியோ?"

சமூகம் என்றால் சமீன்தார். அவரைப் பெயர் சொல்வதோ, அவர் இவர் என்பதோ கூடாது. மசூது வீட்டுக்குப் போய் 'திறந்துவிட வேண்டும்' என்று மாற்றி எழுதி வந்தான்.

"வேணுமாம்லா! அண்ணந்தம்பி பாகம் கேக்க மாதிரியில்ல கேக்கான்."

மூன்றாவது மனுவில் 'திறந்துவிட்டால் நல்லது' என்று எழுதினான்.

"அப்பம் இப்பம் நடக்கது கெட்டதுங்கியா?"

நான்காவது மனுவில் குற்றம் கண்டுபிடிக்க மானேஜருக்கே அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மேல் வரியில கெணறுன்னு இருக்கு. கீழ் வரியில சமூகம்னு இருக்கு. சமூகத்தின் தலை மேல கெணத்த ஏத்தி வச்சிருக்க."

மசூதுக்குத் தலை சுற்றியது. நாலு நாளாக அதே இடத்தில் அதே மாதிரி நின்று, அதே வசவைக் கேட்டதில் அவன் உடம்பு தான் எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிட்டது. முதுகு தானாக இடுப்புவரை வளைந்தது. வாய் தானாகச் சொன்னது.

"சேசோங் ஹம்னிதா."

வாசலில் நின்ற டவாலிச் சேவகர் சங்கிலிப்பாண்டி எட்டிப் பார்த்தார்.

"என்னலே, வையுதியா?" என்றார் மானேஜர்.

"இல்ல எசமான். மன்னிப்புக் கேட்டேன். கொரியா பாஷ."

அந்தப் பாஷை அவனுக்கு வந்த கதை இது. சயாம் காட்டில் கூலிகளுக்குக் காவலாக நின்றவர்களில் பலர் ஜப்பான்காரர்கள் அல்ல, கொரியாக்காரர்கள். ஜப்பான்காரன் அவர்கள் நாட்டைப் பிடித்து, பெயரை மாற்றி, பட்டாளத்தின் கடைசிப் படியில் நிறுத்தியிருந்தான். மசூதின் கூட்டத்துக்குக் காவல் பாக் என்பவன். காலையில் ஜப்பான் சார்ஜன்ட் பாக்கை அறைவான். மத்தியானம் பாக் மசூதை அறைவான். மசூதுக்குக் கீழே ஆள் இல்லாததால் அறை அங்கேயே நின்றுவிடும். பாக்குக்கு ஒரே ஒரு ஆசை: உலகத்தில் ஒருத்தனாவது தன் பாஷையில் தன்னிடம் மரியாதையாகப் பேச வேண்டும். அதற்காகவே மலாய் பேசத் தெரிந்த மசூதைப் பிடித்து வைத்துக் கொரியா பாஷை கற்றுக்கொடுத்தான். கீழே இருப்பவனைச் சாப்பிடச் சொல்ல 'மொகோரா'. மேலே இருப்பவரிடம் 'துஷிப்ஷியோ'. வினையின் வாலில் ஒரு எழுத்துக் குறைந்தால் கன்னத்தில் ஒன்று. ஒன்றரை வருஷத்தில் மசூது அந்தப் பாஷையின் மரியாதை முழுவதையும் கன்னத்தால் கற்றான்.

இதைக் கேட்கக் கேட்க மானேஜரின் முகத்தில் வெளிச்சம் ஏறியது. 'அறை' என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"எத்தன படி உண்டு அதுல?"

"ஆறோ ஏழோ உண்டு எசமான். பேசுறவன் யாரு, கேக்குறவன் யாருன்னு பாத்து வாலு மாறும்."

"ஏழு படியா! வாலே, சமூகத்துக்கிட்டப் போவோம்."

சமீன்தார் சுந்தரபாண்டியன் அருவிக்குப் போவதற்காக உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மனைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எண்ணெய் தேய்க்கிறவனை நிறுத்தச் சொன்னார்.

"பாத்தீராவே ஆவுடைநாயகம்? எங்கேயோ சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கவனுக்கு ஏழு படி மரியாத இருக்கு. நமக்கு என்ன இருக்கு? நீ, நீரு, நீங்க. மூணே மூணு. இதுல நானும் தென்காசித் தாசில்தாரும் ஒரே 'நீங்க'. கதர்ச் சட்டைக்காரன் ஊர் ஊராப் போய் இனிமே சமீனே இருக்காதுங்கான். நெலத்த எடுத்துக்கிடுவானாம். எடுக்கட்டும். அதுக்கு முந்தி மரியாதயச் சட்டமாப் போட்டு வச்சுருவோம். அத எடுத்துக்கிட்டுப் போக முடியாதுல்லா?"

அன்று சாயங்காலமே மரியாதை இலாகா பிறந்தது. மசூது அதற்கு உபாத்தியாயர். ஒரு தலைப்பாகை, ஒரு பிரம்பு, உட்கார ஒரு முக்காலி.

"எசமான், அந்தக் கெணத்துப் பாத…" என்றான் மசூது.

"அதெல்லாம் இனிமே முறைப்படி வரும்" என்றார் மானேஜர். "முதல்ல முறை வரட்டும்."

இலாகாவைத் தொடங்கி வைக்கக் குடிகளையும் சேவகர்களையும் முற்றத்தில் கூட்டி மானேஜர் ஒரு பிரசங்கம் செய்தார். "குடிகளே! சோறில்லாமல் மனுஷன் பத்து நாள் இருக்கலாம். தண்ணீரில்லாமல் மூன்று நாள் இருக்கலாம். மரியாதை இல்லாமல் சாரல்கோட்டை சமஸ்தானம் அரை நாள் இருக்க முடியாது. ஏனென்றால் நம்மிடம் வேறு எதுவும் கிடையாது!" குமாஸ்தாக்கள் கை தட்டினார்கள். சொன்னதைக் கொஞ்சம் தாமதமாக யோசித்துப் பார்த்த மானேஜரும் சேர்ந்து தட்டினார்.

படிகள் இப்படி வகுக்கப்பட்டன. கடைசிப் படிக்காரனிடம் 'போலே'. அதற்கு மேலே 'போ'. மூன்றாம் படிக்கு 'போம்'. நான்காம் படிக்கு 'போங்க'. ஐந்துக்கு 'போகலாமே'. ஆறாம் படியில் 'எழுந்தருளலாம்'. ஏழாம் படி சமூகத்துக்கு மட்டும். அதில் வினைச்சொல்லே கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு, போக வேண்டிய திசையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். படி தவறியவன் ஒரு மணி நேரம் சாரலில் நனைந்துகொண்டு நிற்க வேண்டும். முதல் வாரம் கச்சேரியில் உள்ளே இருந்தவர்களைவிட வெளியே நின்றவர்கள் அதிகம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கொரியா ராசாவைப் பற்றிப் பாக் சொன்ன ஒரு சங்கதியை மசூது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டான். ராசா சாப்பிடுகிற சோற்றுக்குத் தனிப் பெயர், முகத்துக்குத் தனிப் பெயர். அவர் கொல்லைக்குப் போவதைக்கூட அந்த அரண்மனையில் ஒரு பூவின் பெயரால்தான் சொல்வார்களாம்.

"நமக்கும் ஒரு பூ வேணும்" என்றார் சமீன்தார்.

தாமரையா, மல்லிகையா என்று இரண்டு நாள் ஆலோசனை நடந்தது. தாமரை லட்சுமி உட்காருகிற பூ என்பதால் மல்லிகை தீர்மானமாயிற்று.

மூன்றாம் நாள் சுரண்டையிலிருந்து ஒரு பருத்தி வியாபாரி, சமீன்தாரைப் பார்த்து ஒரு தோப்பைக் குத்தகை பேச வந்தார். சங்கிலிப்பாண்டி வாசலில் கை கட்டி, "சமூகம் மல்லிகைக்கு எழுந்தருளியிருக்கு" என்றார். வியாபாரி தங்கமான மனுஷர். சமூகத்துக்கு மல்லிகை என்றால் அவ்வளவு பிரியமா என்று தென்காசிக்கு ஆளனுப்பி, நாலு முழத்தில் கட்டிய மாலையாக வாங்கி வைத்துக்கொண்டார். சமீன்தார் பின்கட்டிலிருந்து செம்பும் கையுமாக வந்ததும் வழிமறித்துக் கழுத்தில் போட்டார்.

"சமூகத்துக்கு இது தினமும் வேணும்னு கேள்விப்பட்டேன்" என்றார் வியாபாரி. "எங்க தோட்டத்துல வண்டி வண்டியா இருக்கு. அனுப்பி வைக்கட்டா?"

தோப்புக் குத்தகை பேச்சு அன்று நடக்கவில்லை.

ஐந்தருவியில் நடந்தது இன்னும் மோசம். சமீன்தார் குளித்துவிட்டு வந்து, சரிகைத் தலைப்பாகையைப் பாறையில் வைத்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு குரங்கு நெருங்கியது. மானேஜர்தான் முதலில் பார்த்தார். "ஏ குரங்கு!" என்று கத்தியிருந்தால் போதும். ஆனால் சமூகத்தின் முன்னிலையில் குரங்குக்கு எந்தப் படி என்று விதி எழுதப்படவில்லை. அருவிக்கரைக் குரங்கு ஆஞ்சநேயர் வம்சம் என்று வாதிக்கவும் இடம் இருந்தது. மானேஜர் கையைக் கட்டிக்கொண்டு, குரங்கு இருந்த திசையைப் பயபக்தியோடு பார்த்தார். சமீன்தார் அந்த மரியாதை தமக்குத்தான் என்று தலையாட்டினார். குரங்கு தலைப்பாகையை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு மரத்தில் ஏறியது. கீழே குளித்துக்கொண்டிருந்த கூட்டம் சீழ்க்கை அடித்தது.

மசூது தினமும் தலைப்பாகையோடு வீடு திரும்பினான். சைதூன் தினமும் ஒரு மைல் நடந்து தண்ணீர் சுமந்து வந்தாள்.

"உபாத்தியாயர் வந்துட்டாகளா?" என்பாள். "கெணறு எத்தனாவது படியில இருக்குன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். முறைப்படி வருமாம்."

"அந்தக் காட்டுல அறஞ்சான். இங்கன அறையாமலே அதச் செய்யுதான். வித்தியாசம் என்னன்னா இங்கன ஒங்களுக்கு முக்காலி குடுத்திருக்கான்." குடத்தை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மசூது தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

மறுநாள்தான் அது நடந்தது. சமீன்தார் யாரோடோ பேசிக்கொண்டிருக்க, உள்ளே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. சமையல்காரன் அவசரப்படுத்தியதில் சங்கிலிப்பாண்டி வாசலில் நின்று, "சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டார். 'திருவமுது காத்திருக்கிறது' என்பது விதி. ஐம்பத்தைந்து வயசு மனுஷர், மீசையெல்லாம் நரை. மானேஜர் அவரைக் கச்சேரிக்கு இழுத்து வந்து மசூதின் முன்னால் நிறுத்தினார்.

"ஏலே மசூது, இந்த மாதிரி தப்புப் பண்ணுனா அந்த நாட்டுல என்ன செய்வான்?"

மசூது உண்மையைச் சொன்னான். "அறைவாங்க எசமான்."

"அப்பம் அறை."

சங்கிலிப்பாண்டி கன்னத்தைக் காட்டினார். "அடிச்சிரும்வே மசூது. வேல கெடக்கு" என்றார், மருந்து குடிக்கிறவர் மாதிரி.

மசூதின் கை உயர்ந்தது. அவன் உயர்த்தவில்லை, அதுவாக உயர்ந்தது. எவ்வளவு உயரம், எந்தச் சாய்வு, விரல் எப்படிச் சேர வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. பாக்கின் கை அது. மசூது அதைப் பார்த்தான். இத்தனை நாள் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் மட்டுமே பார்த்திருந்த கையை இப்போது தன் தோளிலிருந்து கிளம்பக் கண்டான். கையை இறக்கி, மறுகையால் பிடித்துக்கொண்டான்.

"என்னலே?" என்றார் மானேஜர்.

அந்த நேரத்தில் மசூதின் மனசில் என்ன ஓடியது என்று பிற்பாடு அவனாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. வாய் மட்டும் மிகவும் பணிவாகச் சொன்னது: "எசமான், இவரு செஞ்ச தப்புல எனக்கும் பங்கிருக்கு. ஒரு முறையச் சொல்லித் தர மறந்துட்டேன். அதுதான் எல்லா முறைக்கும் மேலான முறை."

"இத்தன நாளா மறச்சு வச்சியோ? சொல்லு."

"தாத்தாகிட்ட அப்பாவப் பத்திப் பேசும்போது அப்பாவுக்கு மரியாத போடக் கூடாது எசமான். கேக்குறவரு பெரியவரு, பேசப்படுறவரு அவருக்குச் சின்னவரு. சின்னவருக்கு அங்கன மரியாத குடுத்தா, கேக்குற பெரியவருக்குக் குறச்சல்லா?"

மானேஜர் கண்ணை மூடி அதைச் சுவைத்துப் பார்த்தார். "அப்பம் எங்கிட்ட வந்து பேசும்போது ஹெட் குமாஸ்தா…"

"'ஹெட் குமாஸ்தா வந்தான்'னுதான் சொல்லணும்."

"ஆகா!" என்றார் மானேஜர். சங்கிலிப்பாண்டியை மறந்தே போனார். அன்றைக்கே விதி எழுதப்பட்டு முத்திரை விழுந்தது. மத்தியானம் முழுவதும் சேவகர்கள் ஒவ்வொருவராக வந்து, "கணக்கன் நிக்கான்", "ரைட்டர் வாரான்" என்று சொல்லச் சொல்ல, மானேஜர் தாம்பூலம் போட்டுக்கொண்டு ரசித்தார்.

சாயங்காலம் சமீன்தார் கூப்பிட்டனுப்பினார். மானேஜர் வாசலுக்கு வெளியே செருப்பை விட்டார். உள்ளே சங்கிலிப்பாண்டியின் குரல் கணீரென்று கேட்டது.

"ஆவுடைநாயகம் வந்திருக்கான். வெளிய நிக்கான். வரச் சொல்லவா?"

பிறகு சமீன்தார் சிரிக்கிற சத்தம் கேட்டது. பத்து வருஷமாக அப்படிச் சிரித்ததில்லை.

"என்ன சொன்ன? இன்னொரு தரம் சொல்லு!"

"ஆவுடைநாயகம் நிக்கான்."

"நிக்கட்டும்! அவன் கொஞ்ச நேரம் நிக்கட்டும்!"

மறுநாள் மானேஜர், அந்த விதி தமிழின் இயல்புக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு அறிக்கை கொண்டுபோனார். சமீன்தார் படிக்கவே இல்லை. "முறைன்னா முறைதான்வே. முத்திர போட்டாச்சு" என்றார்.

பின்புறத்து வேலிக்குக் காவலாக இருந்தவர் சொரிமுத்து. அவருக்கும் ஏழு படிகளைப் பாடம் பண்ணச் சொல்லியிருந்தார்கள். எந்தப் பெண் வந்தாலும் அவள் புருஷன் எந்தப் படி என்று கணித்து, அந்தப் படியிலேயே 'போ' என்று விரட்ட வேண்டும். சைதூன் பீவி இதைப் புருஷனிடமிருந்து தெரிந்துகொண்டு இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், கலெக்டர் துரை பங்களாவுக்கு வருகிறார் என்று ஊரே பரபரப்பாக இருந்த காலையில், பதினான்கு வீட்டுப் பெண்களையும் குடத்தோடு கூட்டிக்கொண்டு வேலி வாசலில் போய் நின்றாள். தூளி கட்டிய கையோடு ஆசியாவும் வந்திருந்தாள்.

சொரிமுத்து கம்பை ஊன்றி எழுந்தார். "போ…" என்று தொடங்கினார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. எம் மாப்பிள்ள உபாத்தியாயரு" என்றாள் சைதூன்.

"போம்… போங்க…" சொரிமுத்து நிறுத்தினார். "பின்னால நிக்கது யாரு?"

"அவ மாப்பிள்ள பெனாங்குல இருக்காரு. சண்டைக்குப் பொறவு காயிதமே இல்ல. இப்பம் முதலாளியா, கூலியான்னு எங்களுக்கே தெரியாது."

சொரிமுத்து பதினான்கு முகங்களையும் பார்த்தார். அவர் வீட்டுப் பெண்ணும் சிற்றாற்றுக்குத்தான் குடம் தூக்கிப் போகிறாள். "எனக்குப் படி புடிபடல தாயி" என்றார். "புடிபடுத வரைக்கும் நான் அந்தப் பக்கமாத் திரும்பி நிக்கேன்." நின்றார். பெண்கள் உள்ளே போனார்கள்.

அதே நேரத்தில் முன்வாசலில் கலெக்டரின் கார் வந்து நின்றது. துரை வெள்ளைக்காரர், தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர். எங்கே போனாலும் அதை நாலு பேருக்குக் காட்டாமல் விடமாட்டார். குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். மானேஜர் உள்ளே சந்தனக் கிண்ணம் தேடிக்கொண்டிருந்தார். வாசலில் இருந்தவர் சங்கிலிப்பாண்டி மட்டும்.

"சமீன்தார் அவர்கள் எங்குள்ளார்கள்?" என்று கேட்டார் துரை.

சங்கிலிப்பாண்டி ஒரு சலாம் வைத்துவிட்டு மனசுக்குள் கணக்குப் போட்டார். கேட்கிறவர் கலெக்டர். பேசப்படுகிறவர் சமீன்தார். எது பெரிசு என்பதில் சந்தேகமே இல்லை.

"சுந்தரபாண்டியன் உள்ளதான் இருக்கான் தொரைகளே. மல்லிகைக்குப் போயிருக்கான். இப்பம் வந்துருவான்."

ஓடி வந்த மானேஜர் காதில் இது விழுந்தது. சந்தனக் கிண்ணமும் விழுந்தது.

"மல்லிகையா?" துரையின் முகம் மலர்ந்தது. அவருக்குத் தோட்டம் என்றால் உயிர். "மிக நன்று! அவரை அழைக்க வேண்டாம். நானே சென்று அத்தோட்டத்தைக் காண்பேன்."

"துரை அவர்களே, அங்கே… தாங்கள்… எழுந்தருளலாகாது…" மானேஜர் ஏழு படியையும் கலந்து உளறினார். துரை பங்களாவைச் சுற்றிக்கொண்டு பின்புறம் நடந்துவிட்டார். மானேஜர் பின்னால் ஓடினார். முக்காலியிலிருந்த மசூதும் ஓடினான்.

பின்புறத்தில் துரை கண்ட காட்சி இது. கிணற்றைச் சுற்றிப் பதினான்கு பெண்கள் குடங்களோடு நிற்கிறார்கள். எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு, முகத்தில் பெரும் நிம்மதியோடு, சமீன்தார் பளபளக்கும் பித்தளைச் செம்புடன் வெளியே வருகிறார். பெண்களையும் துரையையும் ஒன்றாகப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

துரை தொப்பியைக் கழற்றினார்.

"என்ன விந்தை! சமீன்தார் தம் திருக்கரத்தாலேயே ஏழை மாதர்க்குத் தண்ணீர் வழங்குகின்றாரா?"

மானேஜரின் மூளை முப்பது வருஷ உத்தியோகத்தில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. "ஆமாம் துரை அவர்களே" என்றார். "தினந்தோறும்."

"இக்கிணறு எந்நாளும் இவர்கட்குத் திறந்திருக்குமோ?"

மானேஜர் சமீன்தாரைப் பார்த்தார். சமீன்தார் செம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். "எந்நாளும்" என்றார் மானேஜர், செத்த குரலில்.

துரை சைதூன் பக்கம் திரும்பினார். "அம்மையே, ஏதேனும் குறையுண்டோ?"

மசூது மானேஜருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். எந்தப் படியில் பேசப் போகிறாள் இவள்? சைதூன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, துரையை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"கொற ஒண்ணுமில்ல. அந்த முள்ளு வேலி மட்டும் சேலையப் புடிச்சு இழுக்கு. அத எடுத்துட்டாப் போதும்."

துரை சமீன்தாரைப் பார்த்தார். சமீன்தார் மானேஜரைப் பார்த்தார். எந்த விதியும் எந்த முத்திரையும் அந்தக் கணத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை.

"புடுங்குலே அத!" என்று மானேஜரிடம் கத்தினார்.

மானேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியை நோக்கிப் போனார். சொரிமுத்து அதற்குள் நாலு கம்பைப் பிடுங்கியிருந்தார்.

போகும்போது துரை வருகைப் புத்தகத்தில் அந்தக் கிணற்றைப் பற்றிப் பாதிப் பக்கம் இங்கிலீஷில் எழுதி, கடைசி வரியைத் தமிழில் எழுதினார். அடுத்த வருஷமும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அதனால் மறுபடி வேலி போடுகிற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

கார் ரஸ்தாவில் மறைந்ததும் சமீன்தார் சங்கிலிப்பாண்டியைக் கூப்பிட்டார். "என்னைய 'இருக்கான்'னு சொன்னியாம்லா?"

"முறைப்படிதான் சொன்னேன் சமூகம். முத்திர போட்டிருக்கு" என்றார் சங்கிலிப்பாண்டி. அவர் முகத்தில் கள்ளம் ஒரு துளி இல்லை. அந்த முகத்தை என்ன செய்வதென்று சமீன்தாருக்குத் தெரியவில்லை.

மரியாதை இலாகா அன்றைக்கே கலைக்கப்பட்டது. கலைக்கிற உத்தரவை எந்தப் படியில் எழுதுவது என்று தீர்மானிக்க மட்டும் மானேஜருக்கு ஒன்பது நாள் பிடித்தது. மசூது பிரம்பையும் முக்காலியையும் ஒப்படைத்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கினான். முதல் வாரம் நெய்த துணியில் இழை அறுந்துகொண்டே இருந்தது. இரண்டாம் வாரம் கை பழகிவிட்டது. சங்கிலிப்பாண்டி அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் தறிச் சத்தம் கேட்டு நின்று, "வே மசூது, என்ன செய்யுதீரு?" என்பார். "இருக்கேன் அண்ணாச்சி" என்பான் மசூது. அதற்கு மேல் அவர்களுக்குள் படி எதுவும் தேவைப்படவில்லை.

ஐப்பசி வாக்கில் ஆவுடைநாயகம் பிள்ளை கிணற்றடியில் ஒரு கல்வெட்டு வைத்தார். துரை அடுத்த தடவை வரும்போது கண்ணில் பட வேண்டும் என்பது ஏற்பாடு. சமூகத்தின் பட்டங்கள் ஒன்றுவிடாமல் பொறிக்கச் சொன்னதில் கல் ஆள் உயரத்துக்கு மேல் நீண்டுவிட்டது. நட்டு வைத்தால் நிற்கவில்லை, காற்றுக்கு ஆடியது. கொத்தர் அதைக் கிணற்றோரமாகப் படுக்கவைத்துப் பதித்துவிட்டுப் போனார்.

சைதூன் பீவி அழுக்கு மூட்டையோடு வந்து கல்லைப் பார்த்தாள். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டாள்.

"என்னத்த எழுதியிருக்கான் இம்புட்டு நீளத்துக்கு?"

மசூது குனிந்து வாசித்தான். ஸ்ரீலஸ்ரீ, மகாராஜராஜஸ்ரீ என்று தொடங்கிப் பதினேழு வரி. வாசித்து முடிப்பதற்குள் சாரல் ஒருமுறை வந்து நின்றது.

"கெணத்தப் பத்தி என்ன போட்டிருக்கான்?"

மசூது மறுபடியும் மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "கெணத்தப் பத்தி ஒண்ணும் இல்ல. எடம் பத்தல போல."

சைதூன் உள்ளங்கையால் கல்லைத் தடவிப் பார்த்தாள். நல்ல கருங்கல். எழுத்து வெட்டிய இடமெல்லாம் சொரசொரவென்று இருந்தது.

"அழுக்கு நல்லா எடுக்கும்" என்று சொல்லி, அவனுடைய நனைந்த கைலியை உயர ஓங்கி, மகாராஜராஜஸ்ரீயின் மேல் ஒரு அடி வைத்தாள்.